ஊரின் பழைய படங்களைத் திரட்டுவது எப்படி? கரிசல் காட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

ஊரின் பழைய புகைப்படங்களைத் திரட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்றுதான். என்னைக் கேட்டால் ஸ்கேனர் எல்லாம் பிறகு. படம் தகரப் பெட்டிக்குள் இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிக்கும். அதில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லத் தெரிந்த ஆச்சிக்கு வயது எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அவர் போய்விட்டால் அந்தப் படம் வெறும் ‘யாரோ ஆறு பேர்’.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். எந்த வரிசையில் செய்வது, என்ன தாளில் கையெழுத்து வாங்குவது, எவ்வளவு செலவாகும் என்று சொல்ல ஆரம்பத்தில் ஆளில்லை. தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாதங்களையும் அடையாளங்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. எல்லையைச் சுருக்குங்கள், மாதத்தைப் பாருங்கள்

‘எங்கள் தாலுகா’ என்று தொடங்காதீர்கள். ஒரு கிராமம் போதும். டவுன் என்றால் ஒரு தெரு, அல்லது ஒரு பள்ளிக்கூடம். ஊரணிக்கரை வீடுகள் மட்டும் என்று வைத்துக்கொண்டாலும் சரிதான். சின்ன எல்லையில் ஒரே ஆள் நாலு வீட்டுப் படத்தில் தென்படுவார். ஒரு வீட்டில் கிடைக்காத பெயர் அடுத்த வீட்டில் கிடைத்துவிடும்.

மானாவாரி ஊர்களில் புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் அறுப்பு. அப்போது போனால் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள், அதில் தப்பும் இல்லை. பங்குனி முதல் வைகாசி வரைதான் நல்ல காலம். அதிலும் ஊர்க்கொடை (கோயில் திருவிழா) சமயத்தில் சென்னை, கோவை, திருப்பூர் போனவர்கள் எல்லாம் வந்திருப்பார்கள். ஆனால் கொடை நாளன்று படம் கேட்காதீர்கள். அன்று பேசி வைத்துக்கொண்டு, அடுத்த இரண்டு நாளில் வீட்டுக்குப் போங்கள். எங்கள் பக்கம் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் தோது.

2. யார் வீட்டுக்கு முதலில் போவது

வயதில் மூத்தவர் வீட்டுக்கு. பெரிய வீட்டுக்கு அல்ல. பெரிய வீட்டுப் படங்கள் கண்ணாடிச் சட்டத்தில் பத்திரமாக இருக்கும், அடுத்த மாதமும் இருக்கும்.

அதன்பின் பழைய வாத்தியார்கள். ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக் குழுப் படங்கள் அவர்கள் வீட்டில் கிடைக்கும். ஒரே படத்தில் நாற்பது குடும்பம். எனக்குக் கிடைத்ததில் அதிகம் பயன்பட்டவை இவைதான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊர்ப் படம் என்று தேடினால், ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுக்க வசதி இருந்த தெருக்களின் படங்கள்தான் குவியும். காலனியில் பல வீடுகளில் 1980களுக்கு முந்தைய படம் ஒன்றுகூட இருக்காது. ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் ஊரில் பாதியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பள்ளிச் சான்றிதழ், பழைய அடையாள அட்டை, ராணுவத்துக்குப் போனவர் எடுத்து அனுப்பிய படம் என்று கேளுங்கள். இலங்கைத் தோட்டத்துக்குப் போய், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த குடும்பங்களில் கடவுச்சீட்டில் ஒட்டிய படம் இருக்கும். அதுவும் இல்லையென்றால் நினைவைப் பதிவு செய்யுங்கள். கமலைக் கிணறு எங்கே இருந்தது, எந்தக் கிணற்றில் யாரைத் தண்ணீர் எடுக்க விடவில்லை, எந்தப் பாதையில் செருப்புப் போட்டு நடக்க முடியாது என்பதற்கெல்லாம் யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. இந்தப் பதிவுக்குப் படங்களுக்குக் கொடுக்கும் அதே வரிசை எண்ணைக் கொடுங்கள், பின்னிணைப்பாகத் தள்ளாதீர்கள்.

3. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஒரு பக்க ஒப்புதல் தாள் போதும். முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம். முத்திரைத்தாளைக் கண்டாலே வீட்டில் நிலத் தகராறு நினைவு வந்து பயந்துவிடுவார்கள். வெள்ளைத் தாளில் இவை இருக்கட்டும்:

கொடுப்பவர் பெயர், தேதி, படங்களின் எண்ணிக்கை. அசல் படம் வீட்டிலேயே இருக்கிறது, பிரதி மட்டுமே எடுக்கப்பட்டது என்ற வரி. பொதுவில் வெளியிடலாமா, ஊருக்குள் மட்டும் காட்டலாமா, பாதுகாக்க மட்டுமா என்று மூன்று கட்டம், ஒன்றில் குறி. எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடச் சொல்லலாம் என்ற வரி. கையெழுத்து அல்லது கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் தாளை உரக்க வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். தாளின் ஒரு நகலை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

உரிமை பற்றிக் கொஞ்சம். 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். அதனால் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படத்துக்குக் குடும்பத்திடம் கேட்பதுதான் முறை. ஒருவர் தன் ஆசைக்குத் தெருவை, கண்மாயை எடுத்த படம் என்றால் எடுத்தவரிடமோ அவர் வாரிசிடமோ கேளுங்கள். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி வைத்திருந்தால் அது அந்த வீட்டுப் படம் ஆகாது. சட்டம் இடம் கொடுத்தாலும், படத்தில் இருப்பவரின் பிள்ளைகள் வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள். நீங்கள் அந்தத் தெருவில் நாளைக்கும் நடக்க வேண்டும்.

4. வீட்டுக்குள்: முதலில் பெயர், அப்புறம் படம்

சுவரில் மாட்டிய படத்தை நீங்களாகக் கழற்றாதீர்கள். பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றும் படம் அது. சில வீடுகளில் செவ்வாய், வெள்ளி கழற்ற மாட்டார்கள். அவர்களாகக் கழற்றித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சுவரில் இருக்கும்போதே எடுக்க வழி உண்டு, கீழே சொல்கிறேன். படத்தின் மேல் இருக்கும் குங்குமத்தைத் துடைக்க வேண்டாம்.

இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிக் குடும்பம் நின்று எடுத்த படங்கள் நம் பக்கம் நிறைய. அந்தப் படம் வந்தால் பேச்சை நிறுத்தி, அவர்களாகப் பேசும்வரை இருங்கள். கல்யாண ஆல்பத்தில் ஒரு முகம் மட்டும் வெட்டப்பட்டிருந்தால் காரணம் கேட்காதீர்கள்.

படத்தைக் கையில் கொடுத்துவிட்டு “ஆச்சி, இது யாரு?” என்று கேட்பது சரி. “அந்தக் காலத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “கஷ்டந்தான்” என்பதோடு முடிந்துவிடும். பொருளைக் காட்டிக் கேளுங்கள். காதில் தொங்கும் இந்தப் பாம்படம் இப்போது யாரிடம் இருக்கிறது? பின்னால் தெரியும் சுவர் எந்த வீடு? இந்தச் சட்டை இவருடையதா, ஸ்டுடியோவில் கொடுத்ததா? அந்தக் கேள்வியிலிருந்து ஊர்க் கதையே வரும்.

குழுப் படத்தில் பெயர்களை ‘முன்வரிசை, இடமிருந்து வலம்’ என்று எழுத வேண்டும். பேச்சு வேகத்தில் இது குழம்பும். நான் செய்வது இதுதான்: போனில் ஒரு படம் எடுத்து, திரையிலேயே ஒவ்வொரு தலைக்கும் மேலே எண் போட்டு, நோட்டில் எண்ணுக்கு நேராகப் பெயர். பெயரோடு பட்டப்பெயரும் வேண்டும். ஊரில் மூன்று முத்தையா இருந்தால் பட்டப்பெயர்தான் ஆளைக் காட்டும். சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். இரண்டு பேர் வேறு வேறு பெயர் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எது சரி என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டாம்.

குரல் பதிவுக்குப் போனே போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். அடியில் மடித்த துண்டு வைத்தால் தரையின் அதிர்வு ஏறாது. மின்விசிறியைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு கேட்கும்போது அதன் இரைச்சல்தான் பெரிய தொல்லை. பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், படத்தின் எண் ஆகியவற்றை நீங்களே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் குரல் மாறாது.

ஒரு நாளைக்கு ஒரு வீடுதான். ஒரு படத்தை ஸ்கேன் செய்ய ஒரு நிமிஷம் ஆகும், அதைப் பற்றிப் பேச கால் மணி நேரம் ஆகும்.

5. பிரதி எடுப்பது

முதல் விதி, அசலை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ‘நாளைக்குத் தருகிறேன்’ என்று யாரோ முன்பு வாங்கிப் போய்த் திருப்பித் தராத கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஸ்கேனரையும் லேப்டாப்பையும் நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள்.

யுஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மெல்லிய ஸ்கேனர் கிராமத்துக்கு ஏற்றது, கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, வாங்கும்போது கடைக்காரர் சொல்ல மாட்டார். இவ்வகை ஸ்கேனர்களில் இருப்பது ‘சிஐஎஸ்’ உணரி. கண்ணாடியோடு ஒட்டிப் படிந்த பரப்பு மட்டும்தான் அதில் தெளிவாக வரும். வளைந்த படம், அட்டையில் ஒட்டி நெளிந்த படம், சட்டத்துக்குள் இருக்கும் படம் எல்லாம் மங்கிவிடும். அவற்றுக்கு ‘சிசிடி’ உணரி உள்ள கனமான ஸ்கேனர் வேண்டும், அல்லது கேமரா. வளைந்த படத்தைக் கையால் அழுத்தி நிமிர்த்தாதீர்கள், பழைய தாளின் மேல்பூச்சு வெடித்துவிடும்.

அளவு: சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு). பாஸ்போர்ட் அளவு, அதைவிடச் சின்னது என்றால் 1200. முப்பத்தைந்து மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 2400-க்குக் குறையாமல். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பும் கறையும் கூடத் தகவல்தான். டிஃப் (TIFF) என்ற, தரம் குறையாத கோப்பாகச் சேமியுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600 டிபிஐ-யில் ஏறக்குறைய 26 எம்பி வரும். ஆயிரம் படம் என்றால் 26 ஜிபி. பயப்படுகிற அளவு இல்லை. ஸ்கேனரோடு வரும் ‘அழகுபடுத்தும்’ வசதிகள் எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். முகத்தை மெருகேற்றும் செயலிகள் கண்ணையும் பல்லையும் தாமாக வரைந்துவிடுகின்றன. அப்புறம் அது உங்கள் தாத்தா அல்ல.

பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, தேதி, ‘அன்புள்ள அத்தானுக்கு’ என்ற எழுத்து எல்லாம் அங்கேதான்.

கண்ணாடிச் சட்டத்தில் ஈரம் பட்டு, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் பிரிக்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே வெளித்திண்ணை நிழலுக்குக் கொண்டுவந்து, ஃபிளாஷ் இல்லாமல், நீங்கள் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு நேராக நின்று எடுங்கள். கறுப்புத் துணி இருந்தால் கண்ணாடியில் உங்கள் உருவம் விழாது. சுவரில் இருக்கும் படத்துக்கும் இதே முறைதான்.

1980களுக்குப் பிந்தைய பசை ஆல்பங்களில் பிளாஸ்டிக் தாளை மெதுவாகத் தூக்குங்கள். படம் வராவிட்டால் ஆல்பப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பல் இடுக்கு நூலை அடியில் விட்டு அறுத்து எடுக்கலாம், ஆனால் வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும்.

செய்யவே கூடாதவை: ஈரத்துணியால் துடைப்பது, லேமினேஷன் போடுவது, செலோடேப் ஒட்டுவது, படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவது. லேமினேஷனைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. யாராவது ‘பத்திரமா இருக்கட்டும்னு போடப் போறோம்’ என்றால் தடுத்து நிறுத்துங்கள்.

6. பழைய ஸ்டுடியோக்கள்

டவுனில் மூடிய ஸ்டுடியோ குடும்பங்களைத் தேடிப் போங்கள். சீக்கிரம் போங்கள், ஏனென்றால் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது. அதைப் பிரித்தெடுப்பதற்காக மூட்டை மூட்டையாக எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பதைத் திறக்கும்போது காடி வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதைத் தனியாக வைத்து, முதலில் அதைப் பிரதி எடுங்கள். கண்ணாடி நெகட்டிவை ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஸ்கேன் செய்ய வெளியே கொடுக்க நேர்ந்தால், எண்ணி, ரசீதில் எண்ணிக்கை எழுதி வாங்குங்கள். ஒரு லேபில் கொடுத்த நெகட்டிவ் சுருள் எனக்குத் திரும்பி வரவே இல்லை. ரசீது இருந்ததால் குறைந்தபட்சம் உரியவரிடம் காட்டிப் பதில் சொல்ல முடிந்தது.

7. வருஷத்தைப் பிடிப்பது

‘எங்க அக்கா கல்யாணத்துக்கு முந்தி’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அது நல்ல தகவல், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் படத்துக்குள் பாருங்கள்.

விலைப் பலகையில் அணா என்றால் 1957-க்கு முந்தியது என்று கொள்ளலாம், ‘நயா பைசா’ என்றால் பெரும்பாலும் 1957 முதல் 1964 வரை. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. அரசுப் பலகையில் ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் 1969 ஜனவரிக்கு முன் எழுதியது. லை, ளை, ணை, னை ஆகியவை தும்பிக்கை வைத்த பழைய எழுத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய பலகை. கவனம், பலகை பழையதாக இருந்து படம் புதியதாக இருக்கலாம். படம் 1978-க்குப் பிந்தியது என்பதற்குப் புது எழுத்தில் உள்ள அரசுப் பலகைதான் உறுதியான சாட்சி.

கோவில்பட்டிப் பக்கத்துக்கு என்றே ஒரு வசதி இருக்கிறது. ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றிருந்தால் 1986-க்கு முன். ‘வ.உ.சிதம்பரனார் மாவட்டம்’ என்றால் 1986 முதல் 1997 வரை. அதற்குப் பின் தூத்துக்குடி மாவட்டம். பஸ்ஸும் உதவும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் பாண்டியன் பஸ் 1972-இலும் கட்டபொம்மன் பஸ் 1974-இலும் ஓடத் தொடங்கின. 1997-இல் கழகங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்டன. வண்டி எண் ‘டிஎன்’ எழுத்தும் இரண்டு இலக்க எண்ணுமாகத் தொடங்கினால் 1980களின் கடைசிக்குப் பிறகு. சுவரில் சினிமா போஸ்டர் தெரிந்தால் அந்தப் படம் வெளியான வருஷத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் எங்கள் ஊர்க் கொட்டகைகளுக்குப் படம் வர இரண்டு மூன்று வருஷம்கூட ஆகும் என்பதை மறக்காதீர்கள்.

உறுதி இல்லாவிட்டால் ‘1972–1986க்குள்’ என்று எழுதுங்கள். ஒற்றை வருஷத்தை ஊகித்து எழுதினால் அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

8. எண், கோப்பு, பிரதிகள்

வீட்டுக்கு ஒரு எண், படத்துக்கு ஒரு எண். பன்னிரண்டாம் வீட்டின் மூன்றாம் படம் 012-003. பின்பக்கம் 012-003-பி. கோப்புப் பெயரில் கதை எழுதாதீர்கள், கதை எக்செல் தாளில் இருக்கட்டும். அந்தத் தாளை அன்று இரவே நிரப்புங்கள். ஒரு வாரம் தள்ளினால் நோட்டில் உள்ள உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.

மூன்று பிரதி வேண்டும். லேப்டாப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று. வாட்ஸாப்பில் படமாக அனுப்பியது பிரதிக் கணக்கில் சேராது, அது படத்தைச் சுருக்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

9. ஊருக்கு வெளியே தேடுவது

இதைக் கடைசியில் செய்யுங்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அன்றைய சென்னை மாநிலத்தில் தேர்ந்தெடுத்த சில கிராமங்களைப் பற்றித் தனித்தனி நூல் வெளியிட்டார்கள், அவற்றில் வீடு, உடை, தொழில் பற்றிய புகைப்படங்கள் உண்டு. கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் இலவசம். உங்கள் ஊர் இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர் இருக்கிறதா பாருங்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் பிரதி எடுத்த தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் தளத்தில் சேர்க்கப்பட்டவை. ஸ்டுடியோ திரைச்சீலைகளை ஒப்பிட அவை உதவும். மதுரை, தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் எடுத்த படங்கள் இருக்கின்றன. ஈழத்து ஊர்களுக்கு ‘நூலகம்’ என்ற இணைய ஆவணத் திட்டத்தைப் பாருங்கள்.

மறைந்துபோன கண்மாய், பழைய வண்டிப்பாதை பற்றித் தகராறு வந்தால், 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த ‘கொரோனா’ படங்கள் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தளத்தில் இருக்கின்றன. ஏற்கெனவே ஸ்கேன் ஆனவை இலவசம், மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு.

10. செலவு

மெல்லிய ஸ்கேனர் ஐந்தாயிரம் முதல் ஒன்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் ஐந்தாயிரத்தை ஒட்டி வரும், விலை ஏறி இறங்கும். நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் கனமான கருவி இதைப்போலப் பல மடங்கு, அதை ஆரம்பத்திலேயே வாங்க வேண்டாம். லேப்டாப் உங்களிடமோ நண்பரிடமோ இருக்கும். பலரும் கணக்கில் சேர்க்காமல் விடுவது, வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கும் பிரிண்ட் செலவு. வீட்டுக்கு நாலைந்து படமாவது லேபில் பிரிண்ட் போட்டுக் கொடுக்க முதலிலேயே பணம் ஒதுக்குங்கள். ஸ்கேனரை வாடகைக்கோ இரவலோ வாங்கலாம், இந்தச் செலவில் கை வைக்கக் கூடாது. படத்துக்குக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வீட்டில் படத்துக்கு விலைதான் பேசுவார்கள், கதை வராது.

11. ஊருக்குக் காட்டுவது

வெளியிடும் முன் ஒருமுறை ஊரில் மாட்டிக் காட்டுங்கள். பொதுவில் காட்டச் சம்மதித்த படங்களை ஏ4 தாளில் சாதாரண பிரிண்ட் எடுத்து, சமுதாயக்கூடத்திலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ கயிறு கட்டிக் கிளிப் போட்டு மாட்டினால் போதும். அசல் ஒன்றுகூட வரக் கூடாது. எல்லாத் தெருக்காரர்களும் தயங்காமல் வந்து நிற்கும் இடமாகப் பாருங்கள். கோயில் மண்டபம் சில ஊர்களில் அப்படிப்பட்ட இடம் அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எண்ணும், தெரியாத முகங்களுக்கு வெற்றுக் கோடும் விட்டு, பக்கத்தில் நூலில் பென்சில் கட்டித் தொங்கவிடுங்கள். அன்று சாயங்காலத்துக்குள் பாதிக் கோடுகள் நிரம்பிவிடும். யாராவது ஒரு படத்தின் முன் நின்று ‘இதை எடுத்துருங்க’ என்றால் காரணம் கேட்காமல் அப்போதே கழற்றி, பட்டியலிலும் ‘வெளியிட வேண்டாம்’ என்று குறித்துவிடுங்கள். பிறகு நிரம்பிய தாள்களை ஒவ்வொன்றாகப் போனில் எடுத்து, அன்று இரவே எக்செல்லில் ஏற்றுங்கள்; யார் எழுதிய பெயர் என்பதையும் சேர்த்து.